கோலப்பன் சாரின் மாதிரி வகுப்பு

மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து மூன்று பேர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள். லிங்கராஜ், ஜெபமலர், ஷெமி. மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

கோலப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேட்டாக வர இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து, இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்றைக்கு மாதிரி வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை நாகலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும்.

"சாரே, நாங்க வந்து..." என்று ஆரம்பித்தான் லிங்கராஜ்.

"வெளிய நில்லுங்க. ஒரு பேச்சு பேசக் கூடாது."

நாகலக்ஷ்மி புருவத்தை உயர்த்தினார். தன் கண்டிப்பை மெச்சுகிறார் என்று கோலப்பன் எடுத்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்புக்குப் பாடம், பயங்கரவாதம். அதன் காரணங்கள், விளைவுகள். அமெரிக்காவில் அந்த இரண்டு கட்டடங்கள் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோலப்பன் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையே பார்த்திருந்தார். கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பது வரை.

"பயங்கரவாதி வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒருத்தன் சொல்ல வருவதைக் கேட்காமல் வாசலிலேயே நிறுத்திப் பாருங்கள். அந்த அவமானம் உள்ளே போய் உட்காரும். வெறுப்பாக மாறும். அதற்காகக் கொலையை நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வெறுப்புக்கு நாம் தண்ணீர் ஊற்றக் கூடாது."

வாசலில் நின்ற மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள்.

"விளைவு என்ன? செத்தவர்களோடு அது முடிவதில்லை. இருக்கிறவர்கள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரனையே சந்தேகப்படுவார்கள். அந்தப் பயம்தான் பயங்கரவாதிக்கு வெற்றி. ஆகவே எது நடந்தாலும் நாம் நிதானமாக..."

டமார்.

ஜன்னல் அதிர்ந்தது. கோலப்பன் எப்போது மேஜைக்கு அடியில் போனார் என்று அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். வகுப்பில் ஒருத்தரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், பேடிச்சுட்டேளா?" என்றார் நாகலக்ஷ்மி. இந்த ஊர் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர், பயத்தைக்கூட மலையாளத்தில்தான் கேட்பார்.

மானம் கப்பலேறிவிட்டது. கோலப்பன் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். பழியை யார் தலையிலாவது போட்டால்தான் தப்பிக்கலாம். கண் வாசலுக்குப் போனது.

"மேடம், இதுகதான். வெளிய நிறுத்துனேன்லா, அந்தக் கடுப்புல பட்டாசு போட்டிருக்குதுக. லேட்டா வரும்போதே நெனச்சேன். மூணு பேரு பையையும் சோதிக்கணும். டி.சி. குடுத்து அனுப்பணும்."

"பட்டாசு இல்ல சாரே. பக்கத்து தேவி கோயில்ல வெடி வழிபாடு" என்றான் லிங்கராஜ். "யாராவது நேர்ந்துகிட்டா வெடி போடுவாங்க, கேட்டோ. பேரும் நட்சத்திரமும் மைக்ல சொல்லிட்டு."

"சாமிக்கு வெடியா? யார்கிட்ட கதை விடுத?"

அதற்குள் கோயில் மைக் கரகரத்தது. மலையாளம்தான். ஆனால் கோலப்பனுக்குக்கூடப் புரிந்தது.

"கோலப்பன். திருவாதிர நட்சத்ரம். கார்யசித்தி. வெடி மூணு."

டமார். டமார். டமார்.

விஷயம் தெரிந்த பிறகும் மூன்று தடவையும் கோலப்பன் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேர்னா அது? திருவாதிரையா நீங்க?"

"இல்ல மேடம், பூசம்" என்றார் கோலப்பன்.

நாகலக்ஷ்மி வாசல் பக்கம் திரும்பினார். "ஏன் லேட்டு? இப்பவாவது சொல்லுங்கோ."

ஷெமி இடித்தாள். ஜெபமலர் முன்னால் வந்தாள்.

"ஸ்கூல் திறந்ததுலேர்ந்து எங்களுக்கு சோஷியல் சயின்ஸுக்கு ஆளே நிக்கல மேடம். வர்றவங்க எல்லாரும் போயிடறாங்க. இந்த சார் நல்லா நடத்துறாங்க. இவங்களுக்கு வேலை உறுதியாகட்டும்னு கோயிலுக்குப் போனோம். அங்க வரிசை பெருசு. சார் நட்சத்திரம் என்னன்னு கவுண்டர்ல கேட்டாங்க. நான் சர்ச்சுக்குப் போற ஆளு, எனக்குத் தெரிஞ்ச நட்சத்திரம் அது ஒண்ணுதான்."

நாகலக்ஷ்மி சிரித்துவிட்டார். "தேவிகிட்டயே சிபாரிசு போயாச்சு. இனிமே நான் மாட்டேன்னு சொன்னா நன்னாருக்குமா? திங்கட்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோங்கோ சார்."

வேலை கிடைத்துவிட்டது. கோலப்பனுக்கோ மறுபடியும் மேஜைக்கு அடியிலேயே போய்விடலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கம்.

"இத முதல்லயே சொல்லிருக்கலாம்லாப்பா?" என்றார். குரல் தழுதழுத்தது. ஒத்திகை பார்க்காத தழுதழுப்பு.

"சொல்லத்தான் வந்தோம். நீங்க வெளிய நிறுத்திட்டீங்க" என்றான் லிங்கராஜ். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. "ஆனா பேடிக்காதீங்க சாரே. எங்களுக்கு வெறுப்பு ஒண்ணும் வரல."