இல்லாத படகின் எண்

மாரியூரில் உச்சிவெயில். ஜன்னலோரம் கோகிலாவின் மடிக்கணினியில் கறுப்புத் திரை. அதில் அவள் ஒரு வரிக் கட்டளையைத் தட்டுகிறாள். படகுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் சர்வரை அவளுடைய நிரல் தானாகவே கேள்வி கேட்டுச் சோதிக்கிறது. பதில் சரியாக இருந்தால் பச்சை, தப்பானால் சிவப்பு. முப்பத்தொன்பது பச்சை வரிகள் சரசரவென்று இறங்கி, நாற்பதாவது சிவப்பாக நிற்கிறது. "என்னாத்தா, மொகம் வெளுத்துப் போச்சு?" என்று கேட்கிறாள், அரிசி களைந்துகொண்டிருக்கும் மதினி பானுப்பிரியா. "இல்லாத படகைக் கேட்டா இல்லைன்னு சொல்லுதான்னு பாக்கணும் மதினி. அதுக்கு அண்ணன் படகு நம்பரைக் குடுத்து வச்சிருந்தேன்." மூன்று வருடமாகத் திரும்பாத படகு. அதில் போன அண்ணனின் உடல் கிடைக்காததால் மதினி தாலியைக் கழற்றவில்லை. நாளை காலை கழற்ற வேண்டும் என்று சொந்தங்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். "ஒனக்கு வேற நம்பரே கெடைக்கலையாக்கும்? சரி, என்ன சொல்லுது?" "கரையிலருந்து பன்னெண்டு கிலோமீட்டர்ல வந்துக்கிட்டிருக்குங்குது. கோளாறாத்தேன் இருக்கும்." கோகிலா நிரலை வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு மறுபடி தட்டுகிறாள். இப்போது பதினொன்று என்கிறது. "எத்தன நிமிசம் ஆச்சு?" "அஞ்சு." மதினி ஈர விரல்களை மடக்கிக் கணக்குப் பார்க்கிறாள். "அவுக ஓட்டுற வேகந்தேன்." காற்று நின்றுபோன முற்றத்தில் காயப்போட்ட வலை மட்டும் மெல்ல அசைகிறது. "மதினி, சர்வர் பொய் சொல்லும்." "சொல்லட்டும். நீ கேட்டுக்கிட்டே இரு" என்றபடி மதினி இன்னும் ஓர் ஆழாக்கு அரிசியை அளந்து போடுகிறாள்.