கடைசி வரிசை

"யாருங்க அது, தாளத்துல அவசரப்படறது?"

மாஸ்டர் கிருபாசங்கர் குச்சியைத் தட்டியதும் இசைக்குழு மொத்தமும் அடங்கிப்போனது. ஒத்திகை பார்க்க வந்த கல்லூரி மாணவிகளின் கடைசி வரிசையில், இப்போதுதான் வந்து உட்கார்ந்த லோகப்பிரியா சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்கக்கா இப்படி பயப்படறீங்க?" பக்கத்திலிருந்த மாணவி ஆஃப்ரின் கிசுகிசுத்தாள். "திட்டு அவங்களுக்குத்தானுங்க. நாம வேடிக்கை பாக்க வந்தவங்க."

லோகப்பிரியா மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

மாஸ்டரின் பார்வை மேடையிலிருந்த ஒரு காலி நாற்காலியில் போய் நின்றது. "புல்லாங்குழல் இன்னும் வரலீங்களா? சேர்ந்த முதல் நாளே லேட்டுன்னா, வாசல்லயே திருப்பி அனுப்பிப்போடுங்க."

"பாவம், இனி அந்தாளு எப்படி உள்ள வருவாரு?" என்றாள் ஆஃப்ரின்.

லோகப்பிரியா பையிலிருந்து புல்லாங்குழலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உள்ள வந்தாச்சு கண்ணு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்க, மேடைக்குப் போகோணும்."