ஷட்டருக்கு உள்ளே

மோட்டார் ஷட்டர் முழுதாக இறங்கியதும் கரண்ட் போனது. லேத் பட்டறைக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார். கையால் இழுத்துத் திறக்கும் சங்கிலியைத் திருட்டுப் பயத்தில் அவரேதான் கழற்றிப் போட்டிருந்தார்.

"தம்பி, வெளியில இருக்கிற ஜெனரேட்டரைப் போடு. மூச்சு முட்டுது" என்று பக்கத்து மாவு மில்காரரைக் கூப்பிட்டார்.

"டேங்க் காலியா இருக்கே அண்ணே."

"எங்கேயாவது ரெண்டு லிட்டர் டீசல் பாருப்பா."

அரை மணி கழித்து மில்காரர் திரும்பினார். "பங்க்குலயும் டீசல் தட்டுப்பாடு, தெரு முழுக்கக் கேட்டுட்டேன். எல்லாரும் கையை விரிக்கிறாங்க. நேத்து நான் கேட்டப்போ நீங்களும் இல்லைன்னுதானே சொன்னீங்க. இருந்தா தராமலா இருப்பீங்க, பாவம்."



யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் பட்டறைக்காரர் ஷட்டரை இறக்கியிருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்த ஆறு டீசல் கேன்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.