திருகாணி

மூடிக் கிடந்த பழைய தங்கச் சுரங்கத்தைச் சுற்றி மூன்று வருஷம் துளை போட்டும் கம்பெனிக்குக் கல்தான் கிடைத்தது. போன வாரம் ஒரு துளையின் கல்தூளில் தங்கம் தெரிந்ததும், தேடும் வேலையில் இருந்த அப்பாவுக்கு ஏகப்பட்ட மரியாதை.

"அடுத்த துளையிலயும் வந்துட்டா நீங்கதான் மேனேஜர். வரலைன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

மகளுக்கு மட்டும் சோறே இறங்கவில்லை. இரவு, வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, திட்டக்கூடாது."

"யாருடி அந்தப் பையன்?"

"ஐயோ, பையன் இல்லப்பா! லீவுல உங்க லேப்ல கல்லு அரைச்சேன்ல? அப்போ திருகாணி கழண்டு என் காதுல இருந்த தங்கத் தோடு ஒண்ணு மெஷினுக்குள்ள விழுந்துடுச்சு. நீங்க கண்டுபிடிச்சது அதுதான்ப்பா..." அழுதுவிட்டாள். "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுமா?"

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இன்னொரு தோடு இருக்கா?"

"பத்திரமா இருக்குப்பா."

"அழாத கண்ணு. அடுத்த துளையோட கல்லு நாளைக்கு வருது. அந்தத் தோட்டைப் போட்டுக்கிட்டு அரைக்க வா. திருகாணியை மட்டும் கொஞ்சம் லூசா விட்டுக்கோ."