ரெண்டு பேரும் அழுத்தணும்

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தணும் மது. ஒருத்தர் மட்டும் அழுத்துனா வெடிக்காது."

"தெரியும். எத்தினி வாட்டி சொல்லுவ? மூணு எண்ணு."

கமலேஷ் பைக்கின் மேல் உட்கார்ந்தபடி இயர்போனைச் சரிசெய்துகொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தான். திரையில் ராஜகிரி விண்வெளி நிலையம் மிதந்தது. நாலு பக்கமும் எதிரிக் கப்பல்கள். மூன்று நாளாக முற்றுகை. ஆக்சிஜன் தீரப்போகிறது. கேப்டன் அவன், இன்ஜினியர் மது. நிலையத்தில் மிச்சமிருப்பது இவர்கள் இருவர்தான்.

போன் விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். விளையாட்டுதான். ஆனால் நாலு வருஷமாக ராத்திரி பகல் பாராமல் இருவரும் சேர்ந்து கட்டியது. ஊரிலுள்ள செஞ்சிக் கோட்டை மலையின் பெயரை அதற்கு வைத்தவள் மது. தோட்ட அறையில் தக்காளி போட்டவன் அவன். நிலையம் எதிரி கைக்குப் போனால் அவன் கொடியை மாற்றித் தன் பெயரை எழுதிக்கொள்வான். அந்தக் கண்ராவியைப் பார்ப்பதற்கு நாமே வெடித்துத் தொலைத்துவிடலாம் என்று நேற்று முடிவு செய்திருந்தார்கள். வெடித்தால் வெடித்ததுதான், திரும்பக் கிடைக்காது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னாச்சு மது?"

"தெர்ல. டவர் இல்ல போலக்குது. வேர்வைல வெரல் வேற வழுக்குது. தலைக்கு நேரா வெயில் அடிக்குது பாரு, நவுந்து ஒக்காரு."

அவன் பைக்கிலிருந்து இறங்கிப் புளியமரத்து நிழலில் போய் உட்கார்ந்தான்.

"யார் கூடடா பேச்சு?" தாய்மாமன் கிருஷ்ணமூர்த்தி டீயோடு வந்தார். செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அக்கா மகனுக்காக இன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்.

"கேம் மாமா."

"இந்த நேரத்துலயும் கேமா? இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்ட்டுடுவாங்க. அதோட உன் தலைவலி ஒழிஞ்சுது. மூஞ்ச அப்டி வெச்சுக்காம டீயக் குடி."

டம்ளரைக் கையில் திணித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற பெரியவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். கமலேஷ் டீயைக் கீழே வைத்தான். எதன் மேலும் ஆசை இல்லாமல் அலுத்துப் போயிருந்தது அவனுக்கு.

"மாமாவா?" என்றது இயர்போன்.

"ஆமா."

"மெதுவாப் பேசு. எங்க நைனாவும் பக்கத்துலதான் இருக்குது. பாத்தா போனப் புடுங்கிடும்."

திரையில் ஒரு கப்பல் சுட்டது. நிலையம் குலுங்கியது.

"சண்ட எதுல ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டான்.

"ஜன்னல்ல. பூமி தெரியற மாதிரி வெக்கணும்னு நான் சொன்னேன். நிலா தெரியணும்னு நீ ஒத்தக்கால்ல நின்ன."

"ஒரு ஜன்னலுக்கா இவ்ளோ?"

"நியாயம் கேக்கறேன்னு உன் ஆளுங்கள உள்ள கூப்ட்டது யாரு?"

"நீ கூப்டலியா? உன் ஆளுங்கதான் மொதல்ல துப்பாக்கியத் தூக்குனாங்க."

உண்மைதான். இப்போது வெளியே பீரங்கியோடு நிற்பவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு பக்கம் துணைக்குக் கூப்பிட்டு வந்தவர்கள்தான் இப்போது நிலையத்தையே கேட்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

"அந்தக் காலத்துல நம்ம செஞ்சிக் கோட்டைய எதிரிப் படை எட்டு வருஷம் சுத்தி நின்னுச்சாம். நாம மூணு நாள்லயே கையத் தூக்கிட்டோம்," என்றான்.

"அவங்களுக்கு வேற வேல வெட்டி இல்ல போலக்குது." மது சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"முடிச்சிடலாம் மது. என்னால முடியல. ஒழுங்காத் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

"எனக்கு மட்டும் இன்னா, தூக்கம் வருதா? எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னான்.

நிலையம் அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

"இப்ப டவர் ஃபுல்லா இருக்குது மது."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நீ அழுத்தலியா?"

"நீ அழுத்துனியா?"

கமலேஷ் தன் கட்டை விரலைப் பார்த்தான். சிவப்புப் பொத்தானுக்கு மேலே, கண்ணாடியைத் தொடாமல் நின்றது. இந்தப் பாழாய்ப்போன நிலையத்தின் மேல் தனக்கு இவ்வளவு ஆசையா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இல்ல," என்றான்.

"மொத வாட்டி?"

"அப்பவும் இல்ல."

"நானும்தான்." அவள் மூக்கை உறிஞ்சுவது காதில் கேட்டது.

"டேய், போன உள்ள வை!" மாமா வேகமாக வந்து அவன் தோளைத் தொட்டார். "கூப்ட்றாங்க, எழுந்திரு."

கோர்ட் வாசலில் நின்று டவாலி உரக்கக் கூவினார்: "விவாகரத்து கேஸு! கமலேஷ், மதுமதி! புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உள்ள வாங்க!"

புளியமரத்தடியில் கமலேஷ் எழவில்லை; எதிரே வேப்பமரத்தடியில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியும் எழவில்லை.