கீழே இரண்டு கறுப்பு

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.

பூங்காவனத்தின் இடுப்பு.

ஒரே புருஷனுக்கு வாக்கப்பட்டு இருபத்தாறு வருஷம். சக்களத்தியின் எலும்பை இன்றுதான் பார்க்கிறாள் மூத்தவள்.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று. டிஸ்க்காம். ஈரம் இருக்கிறவரை படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். வயது ஏற ஏற ஈரம் வற்றி, கறுத்து, உயரம் குறைந்துபோகுமாம். எல்லோருக்கும் உள்ளதுதான் என்றார்.

மேலே மூன்றும் தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளை.

கீழே இரண்டு கறுப்பு. நசுங்கி, பின்பக்கம் பிதுங்கி.

பாரம் எதுவும் தூக்குவீர்களா என்று கேட்டார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம்.

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் எங்கே சொல்வாள்.

புருஷனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து நாலு வருஷம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. இடுப்பில் துண்டைக் கட்டி, நல்ல கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாரோடு சேர்த்துத் தூக்க வேண்டும்.

மூத்தவள் போய் நின்றால் அவர் கண் நிலைப்படிக்குப் போய்விடும்.

"ஒன்னால ஆவாது. அவளக் கூப்புடு."

நாலு வருஷமும் மூத்தவள்தான் கஞ்சி வைத்தாள். மூத்திரத் துணி அலசினாள். பாருங்கள், அதற்கெல்லாம் எந்தப் படத்தில் கறுப்பு விழும்?

எனக்கும் ஒரு படம் எடுங்கள் என்றாள்.

வலிக்கிறதா என்று கேட்டார் டாக்டர்.

இல்லை.

அப்புறம் எதற்கம்மா என்று சிரித்துவிட்டு, பூங்காவனம் இனி யாரையும் தூக்கக் கூடாது என்று எழுதினார். தூக்குகிறவர் முட்டியை மடக்கித் தூக்க வேண்டும், முதுகை வளைத்தால் இதே கதிதான் என்று எழுந்து நின்று குனிந்தும் காட்டினார்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மூத்தவள் கட்டிலருகே போனாள்.

அவர் கண் நிலைப்படிக்குப் போனது. அங்கே இடுப்பில் பெல்ட்டோடு பூங்காவனம் நின்றிருந்தாள்.

மூத்தவள் துண்டைக் கட்டினாள். அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

எத்தனை வருஷம் கழித்து அந்தக் கை. வெதுவெதுவென்று இருந்தது.

"முட்டிய மடக்குக்கா," என்றாள் பூங்காவனம். "முதுக வளைக்காத."

மூத்தவள் காதில் விழுந்தது.

அவள் முட்டியை மடக்கவில்லை.