மாடியில் தெரிந்த மாமன்

சிதம்பரத்துக் கடையொன்றின் மொட்டை மாடியில், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகும் வினோதினி குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்றைச் சோதிக்கிறாள். தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்து ஓரத்திலும் மங்கவில்லை. மட்டமான லென்ஸில் தெரிவதுபோல் வெள்ளைச் சுவரின் விளிம்பில் ஊதா நிறம் கசியவில்லை. “கண்ணாடிக்கா இம்மாம் வெலை?” என்று முனகிக்கொண்டே அப்பா கலியமூர்த்தி அதை வாங்கிக் கண்ணில் வைக்கிறார். முனகல் நின்றுபோகிறது. “என்னாப்பா தெரியுது?” “ஒன் மாமன். தெருக்கோடி மாடில வேட்டி காயப்போடுறான்.” ஆறு வருஷமாக அவரோடு பேச்சில்லாத மைத்துனர். “மாமாவா?” என்கிறாள். “மெதுவா பேசு, அவன் காதுல வுழுந்துடப்போவுது,” என்று கிசுகிசுக்கிறார் அப்பா. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்புகிறார். மாலை வெயில் அப்பாவின் நரைத்த புருவத்தில் மின்னுகிறது. கண்ணை அவர் எடுக்கவேயில்லை. “வாங்கிடலாமாப்பா?” அவளும் கிசுகிசுக்கிறாள். “வாங்கிக்க,” என்கிறார் அப்பா, “ஆளு ரொம்ப எளச்சிப்போயிட்டாம்மா.”